எந்த நிரல்மொழி நல்லது? அதனிடம் 'சுப்பிரமணியம்' என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள்

பைத்தானா ஜாவாவா, கோலாங்கா ரஸ்டா என்று நம் கணினிக் குழுக்களில் வாரம் ஒரு சண்டை. வேகம், சம்பளம், வேலைவாய்ப்பு என்று எல்லாம் பேசுகிறோம். இங்கே மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜவுளிக்கடைக்கோ, பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக்கடைக்கோ பில் போடும் நிரல் எழுதுகிறவருக்கு இதில் பாதிப் பேச்சு உதவாது. சில ஆயிரம் பொருள், நாளுக்குச் சில நூறு பில் என்றால் எந்த மொழியின் வேகமும் போதும். தமிழ்ப் பெயரைச் சிதைக்காமல் வைத்திருக்கிறதா, காசைச் சரியாக எண்ணுகிறதா, தவறு நடந்தால் வாய்விட்டுச் சொல்கிறதா? நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

'சுப்பிரமணியம்' நமக்கு 8 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் அது 13 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட். நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 13 என்கின்றன. கோலாங், ரஸ்ட், பிஎச்பியின் சாதாரண நீளச் சார்பு மூன்றும் 39 என்கின்றன. இந்த ஏழு மொழிகளில் சுவிஃப்ட் மட்டும்தான் 8 என்று நம்மைப் போலவே எண்ணுகிறது.

ரசீதில் இடம் போதாமல் பெயரை வெட்டும்போதுதான் இது வினையாகிறது. பைத்தானில் முதல் ஐந்தை எடுத்தால் 'சுப்ப' என்று நிற்கும், 'பி'யின் கொக்கி போய்விடும். முதல் பன்னிரண்டை எடுத்தால் 'சுப்பிரமணியம', கடைசிப் புள்ளி இல்லை. கோலாங்கில் 20 பைட்டில் வெட்டினால் 'ர' நடுவில் அறுபட்டு, ரசீதில் கேள்விக்குறிக் கட்டம் விழும். ரஸ்டில் அதே இடத்தில் வெட்டப் போனால், இது எழுத்தின் எல்லை இல்லை என்று சொல்லி நிரலே நின்றுவிடும். பலர் இதை ரஸ்டின் முரட்டுத்தனம் என்கிறார்கள். எனக்கு அதன் மீது மரியாதைதான். சோதிக்கும்போதே நின்றால் திருத்திவிடலாம். அமைதியாகச் சிதைந்த பெயர் கடைக்காரர் கண்ணில் படவே ஆறு மாதம் ஆகும்.

இன்னொன்று இதைவிட ஏமாற்றும். 'கோபால்' என்பதில் உள்ள 'கோ'வை 'க'வோடு ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வாடிக்கையாளர் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டு, தேடுகிறவர் விசைப்பலகையில் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோபாலை நிரல் 'இல்லை' என்று சொல்லும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. கோலாங்கில் தனித் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். சுவிஃப்டில் எதுவுமே செய்ய வேண்டாம், இரண்டையும் சமம் என்றே பார்க்கும்.

அகரவரிசையும் இப்படித்தான். யூனிகோட் வரிசையில் 'ன', 'ப'வுக்கு முன்னால் நிற்கிறது. அப்படியே வரிசைப்படுத்தினால் பன்னீர் முதலில், பருப்பு பின்னால். நம் வரிசையில் 'ன' கடைசி மெய். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் கொலேட்டர் (Intl.Collator) என்ற வரிசைப்படுத்தும் கருவிக்குத் தமிழ் என்று சொன்னால் போதும், சரியாக அடுக்கும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க இன்ட்ல் செக்மென்டரும் (Intl.Segmenter) அதிலேயே உண்டு. இந்த இரண்டுக்கும் பைத்தானில் வெளித்தொகுப்புகளை நிறுவ வேண்டும். எல்லாரும் ஏளனமாகப் பேசும் ஜாவாஸ்கிரிப்ட், எல்லாக் கணினியிலும் ஓடும் மொழிகளில் தமிழுக்கு இவ்வளவு செய்கிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் இருக்கும் நாம் இதை ஒரு அளவுகோலாகப் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

ஆனால் காசுக் கணக்கை அதனிடம் கொடுக்கும்போது கவனம் வேண்டும். 19.99 வெள்ளியை (ரிங்கிட்டை) சென்னாக்க நூறால் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 1998 சென்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமல்ல, பைத்தான், ஜாவா, பிஎச்பி எல்லாமே அப்படித்தான். 19.99ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். அதனால் விலையைத் தொடக்கத்திலிருந்தே சென்னாக, முழு எண்ணாக வையுங்கள்.

அடுத்து 5 சென் கணக்கு. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றுகிறோம். பொருளுக்குப் பொருள் மாற்றக் கூடாது, அட்டையில் கட்டினால் மாற்றவே வேண்டாம். சூத்திரம் எளிது: மொத்தச் சென்னோடு 2 கூட்டி, 5ஆல் வகுத்து, மீதியை விட்டு, மறுபடி 5ஆல் பெருக்குங்கள். 1293 என்றால் 1295, 1292 என்றால் 1290. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பில்லில் கழித்தல் 1293 (-1293) வரும்போதுதான் மொழிகள் பிரிகின்றன. பைத்தானின் இரட்டைக்கோடு (//) வகுத்தல் கீழ்நோக்கி இறங்கும், சரியாகக் கழித்தல் 1295 வரும். ஜாவா, கோலாங், ரஸ்டில் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், கழித்தல் 1290 வந்து வாடிக்கையாளருக்கு 5 சென் குறையும். எந்த மொழியானாலும் கூட்டல் எண்ணாக மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் கழித்தல் குறியை வைத்துவிடுங்கள்.

பைத்தானை நான் புகழ்ந்தாலும் அதில் ஒரு பள்ளம் உண்டு. கோப்பிலிருந்து படித்த விலை '12' எழுத்தாகவே இருந்து, அதை 3ஆல் பெருக்கினால் '121212' என்று தரும், ஒரு முணுமுணுப்பும் இருக்காது. ஜாவாவோ கோலாங்கோ ஓடுவதற்கு முன்பே மறுத்துவிடும். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பைத்தான், கல்லாவின் கணக்குக்குக் கோலாங், பெயரும் பட்டியலும் காட்டும் திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்கிறேன். கோலாங்கில் ஒரே கோப்பாகக் கட்டி பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், கடைக் கணினியில் வேறெதுவும் நிறுவ வேண்டியதில்லை.

கட்டுவதற்கு முன் அந்தக் கல்லாக் கணினியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 7 ஓடினால் கோலாங்கில் 1.20 பதிப்புதான் கடைசி, பைத்தானில் 3.8. அதற்கு மேல் எதில் கட்டினாலும் அங்கே ஓடும் என்று நம்ப முடியாது.