மலையில் கடமைக்குப் போனவரின் செலவை யார் கொடுப்பது?

கடந்த வாரம் பலரும் பகிர்ந்த அந்தச் சிவப்பு மைக் குறிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தூரம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது. பேருந்து வசதியுள்ள பாதையில் முச்சக்கர வண்டிச் செலவை அனுமதிக்க முடியாது" என்று, மலையகத் தோட்டங்களுக்குக் கடமைக்குப் போய் வந்த ஒரு பெண் அரச உத்தியோகத்தரின் பயணச் செலவுக் கோரிக்கையின் ஓரத்தில் எழுதி, கேட்ட தொகையில் பாதிக்கு மேல் வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். எந்த அலுவலகம், எந்தத் தங்கை என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் இன்னும் சேவையில் இருப்பவர், பொதுவெளியில் வாய் திறந்தால் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகவே அவர் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன்.

அரசாங்கத்தின் வேலைக்காக, அரசாங்கம் அனுப்பிய இடத்துக்குப் போய் வந்தவரின் செலவு அரசாங்கத்தின் செலவு. அது சலுகை அல்ல, மேலதிக வருமானமும் அல்ல. அந்தத் தங்கை தன் சொந்தப் பையிலிருந்து ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணத்தைத்தான் திருப்பிக் கேட்டார். இதைப் புரிந்துகொள்ளாமல் "இவர்களுக்குச் சம்பளமும் வேண்டும், படியும் வேண்டும்" என்று அந்தப் பதிவின் கீழ் எழுதியவர்களைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, வேதனை. அவர்களில் சிலர் நம் மலையகத்துப் பிள்ளைகள்.

அரச உத்தியோகத்தரின் பயணங்களுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. அரச சேவைக்கான தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் முழுவதும் அதற்காகவே இருக்கிறது. அதன் மேல் காலத்துக்குக் காலம் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகள் வருகின்றன. வெளிக்களக் கடமை உள்ள ஒருவர் எங்கே, எதற்காகப் போகப் போகிறார் என்று முன்கூட்டியே பயண நிகழ்ச்சியைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். போய் வந்தபின் நாட்குறிப்பில் எழுத வேண்டும். மாத முடிவில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தூரம், வாகனம் என்று ஒவ்வொன்றையும் கோரிக்கைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். மேலதிகாரி உறுதிப்படுத்திக் கையொப்பமிட வேண்டும். பிறகு கணக்குப் பிரிவு பார்க்கும். எல்லாம் முடிந்தபின் கணக்காய்வு வரும். இத்தனை கண்கள் பார்க்கும் ஒரு காகிதத்தில் ஒரு இளம் உத்தியோகத்தர் அரசாங்கத்தைக் கொள்ளையடிக்கப் போகிறார் என்று நம்புவதற்கு எவ்வளவு அவநம்பிக்கை வேண்டும்?

விதிகளின் அடிப்படை எனக்குப் புரிகிறது. பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், குறுகிய பாதையில் போக வேண்டும், மலிவான வாகனத்தில் போக வேண்டும். இவற்றை நான் ஒருபோதும் எதிர்த்ததில்லை. ஆனால் குறுகிய பாதை எது என்பதை யார் தீர்மானிப்பது? அந்தப் பாதையில் ஒரு தடவையாவது நடந்தவரா, கணினித் திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்திருப்பவரா?

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு கரையில் நின்று பாருங்கள். எதிர்க்கரையில் லயன்களின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், கூரைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அங்கே போக வேண்டுமானால் நீர்த்தேக்கத்தின் விளிம்பெல்லாம் வளைந்து வளைந்து சுற்ற வேண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலும் அதே நிலைதான். பழைய மஸ்கெலியா நகரமே அந்த நீருக்கடியில் இருக்கிறது, பழைய பாதைகளும் அதனோடு போய்விட்டன. டயகமப் பக்கமோ இராகலைப் பக்கமோ போனால் நீர்த்தேக்கத்துக்குப் பதிலாகப் பள்ளத்தாக்கு குறுக்கே கிடக்கும். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே தேயிலை மலைக்குள் படிக்கட்டு வழியாக அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். வாகனத்தில் போனால் பிரதான வீதிக்கு இறங்கி, வேறொரு தோட்டத்தின் வழியாக ஏறி வர வேண்டும். மாரிமழையில், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு, அட்டைக் கடியோடும் குளவிப் பயத்தோடும் அந்தப் படிக்கட்டில் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சிவப்பு மை எதிர்பார்க்கிறதா?

அடுத்தது "பேருந்து வசதி உள்ளது" என்ற வார்த்தை. உள்ளது, நான் மறுக்கவில்லை. பெரும்பாலான தோட்டங்களுக்கு ஓடும் பேருந்து காலையில் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வருகிறது, மாலையில் நகரத்திலிருந்து தோட்டத்துக்குப் போகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்காகவும் நகரத்தில் வேலை செய்பவர்களுக்காகவும் அப்படி ஓடுகிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் உத்தியோகத்தர் போக வேண்டியது அதற்கு நேரெதிர்த் திசையில். காலையில் அவர் தோட்டத்துக்கு ஏற வேண்டும், அப்போது பேருந்து இறங்கி வருகிறது. மாலையில் அவர் இறங்க வேண்டும், அப்போது பேருந்து ஏறிப் போகிறது. கால அட்டவணையில் பேருந்து இருப்பது உண்மை, அந்தத் தங்கைக்குப் பேருந்து இல்லாததும் உண்மை. இதை விளங்கிக்கொள்ள ஒரு நாள் அந்தச் சந்தியில் போய் நின்றால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தங்கை சுற்றுப் பாதையில் போனது மண்சரிவு அபாயத்தினால். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையக வீதிகளுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு முன்பே, 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய எச்சரிக்கை விடுக்கிறது, அவதானமாக இருங்கள், அபாயமான சரிவுகளைத் தவிருங்கள் என்கிறது. அரசாங்கத்தின் ஒரு நிறுவனம் தவிர்க்கச் சொன்ன இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனதற்கு அரசாங்கத்தின் இன்னொரு அலுவலகம் பணத்தை வெட்டுகிறது. அந்தச் சரிவு வழியாகப் போய் அவருக்கு ஏதாவது நடந்திருந்தால், அனுதாபச் செய்தி எழுதுவதில் எவரும் பின்னின்றிருக்க மாட்டார்கள்.

நான் சேவையில் இருந்த காலத்தில் ஒரு தடவை, 70 வயது கடந்தோருக்கான கொடுப்பனவு தொடர்பாக ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்ட நேரம். தோட்டத்தின் கடைசிப் பிரிவு, அதிலும் கடைசி லயன். போகும்போது ஒரு முச்சக்கர வண்டி பாதி வழிவரை ஏற்றிவிட்டது, அதற்கு மேல் ஏறாது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். மீதியை நடந்தேன். அந்த அம்மாவுக்கு நடக்க முடியாது. அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், வராததால் கோப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நம்ம வாசலுக்கு ஆபீசு ஆள் யாரும் வந்ததில்லீங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது, ஒரு கொழுந்து லொறியில் ஏறி நகரத்துக்கு வந்தேன். லொறிக்காரத் தம்பி பணம் வாங்க மறுத்தும், நானே அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதக் கோரிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். கொழுந்து லொறிக்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். முச்சக்கர வண்டி பாதி வழியில் நின்றதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கொடுப்பனவு கிடைக்கத் தொடங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னை நிற்க வைத்து, பக்கத்து மேசைக்காரர்கள் கேட்கும்படி அந்தக் கேள்விகளைக் கேட்ட விதம் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. சொந்த மோட்டார் சைக்கிளில் களத்துக்குப் போனவர்கள் வரிசையில் நின்று, அந்த விலைக்கு எண்ணெய் அடித்து, லயன் லயனாக ஏறினார்கள். கோரிக்கைப் பணம் மாதங்கள் கழித்து வந்தது. அதிலும் வெட்டு. அடுத்த ஆண்டு அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்தபோது வீடு வீடாகப் போனவர்களும் இவர்களைப் போன்ற கீழ்நிலை உத்தியோகத்தர்கள்தான். மேலே இருப்பவர்களுக்கு அலுவலக வாகனம் உண்டு, சாரதி உண்டு. அவர்களுக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாகனத்துக்குள் இருந்துகொண்டு, முச்சக்கர வண்டியில் போனவளின் கணக்கைச் சந்தேகிக்காதீர்கள்.

இனி, எனக்கு என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"பொய்க் கோரிக்கை போடுபவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். வீட்டிலிருந்துகொண்டே களத்துக்குப் போனதாக எழுதியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. அப்படியானவர்களைப் பிடிக்க வழி இருக்கிறது. பயண நிகழ்ச்சியையும் நாட்குறிப்பையும் ஒப்பிடுங்கள். அந்தத் தோட்டத்து மக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உத்தியோகத்தர் வந்தாரா இல்லையா என்பதை லயனில் உள்ள சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் பொய்யரைப் பிடிக்க எவரும் மலை ஏறுவதில்லை. பொய்யரின் கணக்கு எப்போதும் பேருந்துக் கட்டணத்தோடும் வரைபடத் தூரத்தோடும் அச்சொட்டாகப் பொருந்தும், ஏனென்றால் அவர் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார். உண்மையாகப் போனவரின் கணக்குத்தான் பொருந்தாது. பாதை உடைந்திருக்கும், வண்டி நின்றிருக்கும், இருட்டியிருக்கும். இந்த முறையில் சிக்குபவர் உண்மையாகப் போனவர் மட்டுமே. இதைக் கணக்குப் பிரிவில் உள்ளவர்கள் ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

"நாடு வங்குரோத்து அடைந்தது தெரியாதா?" தெரியும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியதும், அதன்பின் செலவுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கைகள் வந்ததும் எனக்கும் தெரியும். அந்தக் கடனை வாங்கியது களத்துக்குப் போன தங்கை அல்ல. இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

"தெரிந்துதானே இந்த வேலைக்கு வந்தீர்கள்?" வேலை கடினம் என்று தெரிந்து வந்தோம். வேலையின் செலவையும் நாமே கொடுக்க வேண்டும் என்று எந்த நியமனக் கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

"தோட்டத்து மக்கள் தினமும் அந்தப் பாதையில்தானே நடக்கிறார்கள், உத்தியோகத்தர் நடந்தால் என்ன?" இதை எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாய் கொழுந்து பறித்தவர். அந்தப் பாதையில் அவர் நடந்தது ஆசைப்பட்டு அல்ல. நடந்தே ஆக வேண்டிய நிலையில் எங்களை வைத்திருந்தார்கள். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டப் பாதை எவருடைய பொறுப்பு என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்திலும் அப்படியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்தது. நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே எங்கள் லயன் வாசலுக்குப் பாதை போட முடியாத நிலை. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதை இன்னும் மோசமாக இருப்பதை, அங்கே வரும் உத்தியோகத்தருக்குப் பணம் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமாகக் காட்டுகிறீர்களா? மக்கள் கஷ்டப்படுகிறார்கள் என்றால், அவர்களிடம் போகிறவரையும் கஷ்டப்படுத்தினால் மக்களின் கஷ்டம் குறைந்துவிடுமா?

நடப்பது இதற்கு எதிரானது. முதலில் உத்தியோகத்தர் பணம் கேட்பதை நிறுத்துகிறார். பிறகு தூரத்துப் பிரிவுக்குப் போவதைக் குறைக்கிறார். கடைசியில் "அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள்" என்று ஒரு கடிதம் போகிறது. ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து, அங்கே இங்கே கடன் வாங்கி, மக்கள் நகரத்துக்கு வருகிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளே இருந்தன. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். அந்த ஐந்து பிரிவுகளைப் பத்தாக்க எத்தனை கூட்டம், எத்தனை மனு. அரச சேவை மக்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்றுதானே அவ்வளவும் கேட்டோம்? பக்கத்தில் வந்த அலுவலகத்திலிருந்து லயன் வாசலுக்குப் போகும் அந்தக் கடைசித் தூரத்துக்கு முச்சக்கர வண்டிச் செலவைக் கொடுக்க மறுத்தால், கேட்டுப் பெற்ற பிரிவுகளால் அந்த மூதாட்டிக்கு என்ன பயன்?

விதிக்கோவையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மலைப் பிரதேச அலுவலகங்கள் தங்கள் பகுதியில் ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் வாகனத்தில் போகும் உண்மையான தூரத்தை ஒரு தடவை அளந்து, பட்டியலாக்கி, அங்கீகரித்து வைக்கட்டும். பேருந்து எந்தத் திசையில் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையும் அதில் எழுதட்டும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் சுற்றுப் பாதையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளட்டும். ரசீது கிடைக்காத இடத்தில் மேலதிகாரியின் உறுதிப்படுத்தல் போதும் என்று வைத்துக்கொள்ளட்டும். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. களத்துக்குப் போகிறவர் நம்மவர் என்ற எண்ணம் மட்டும் வேண்டும்.

அந்தத் தங்கைக்கு வெட்டப்பட்ட தொகை முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும், அந்தக் குறிப்பும் மீளப் பெறப்பட வேண்டும். அவருக்கான மேன்முறையீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதேபோல் கோரிக்கை திருப்பப்பட்ட வேறு உத்தியோகத்தர்கள் இருந்தால், திருப்பியனுப்பிய குறிப்பையும் அன்றைய நாட்குறிப்புப் பக்கத்தையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயர் வெளியே வராது. உங்களுக்கும் எழுதித் தருகிறேன்.