காலியில் காற்றையும் கணக்கில் எடுங்கள்

இலங்கையின் காலி நகரக் கிரிக்கெட் மைதானத்தில் டாஸ் வென்று முதலில் மட்டை பிடித்தாலே பாதி ஆட்டம் முடிந்தது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2022 ஜூலையில் பாகிஸ்தான் அங்கே நான்காவது இன்னிங்ஸில் 342 ரன் இலக்கை எட்டிப்பிடித்ததே! அப்துல்லா ஷபீக் 160 எடுத்துக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஆடுகளத்தில் பந்து சுழலும், சரி. ஆனால் நீங்கள் தொடாமல் விட்டது கடல் காற்று. வெயிலோடு சேர்ந்து அது ஈரத்தை உறிஞ்சிவிடும். மேல்மண் உதிர்ந்து, பந்துவீச்சாளர்களின் கால்தடங்கள் சீக்கிரமே சொரசொரப்பாகிவிடும். அதைவிட முக்கியம், பந்து தரையைத் தொடும் முன்பே நடப்பது. காற்றை எதிர்த்து மெதுவாகத் தூக்கிப் போடும் பந்து கடைசி நொடியில் சற்று விலகி, எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே விழும். முன்காலை நீட்டிய மட்டையாளர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். இலங்கையின் சுழல் பந்துவீச்சாளர்கள் முரளிதரனும் ஹேரத்தும் அங்கே ஆளுக்கு நூறு விக்கெட்டுக்கு மேல் அள்ளியதில் இந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு என்பேன்.

அப்புறம், கட்டுரையோடு போட்ட காலிக் கோட்டைச் சுவர் படத்துக்குத் தனி நன்றி. 2004 சுனாமியில் சிதைந்த மைதானம் 2007 டிசம்பரில் மீண்டும் டெஸ்ட் நடத்தியதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.