கேரளா லாட்டரி மதுரையில் செல்லுமா?

"கேரளா லாட்டரி கவர்மெண்டு நடத்துறது, சூதாட்டம் இல்ல, மதுரையில வித்தாலும் கேஸ் வராது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. சிம்மக்கல் டீக்கடையில் எனக்கே ஒரு அண்ணன் நீட்டிக் காட்டினார். நடத்துவது கேரள அரசு என்பது மட்டும் சரி, 1967-லிருந்து நடத்துகிறது.

அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்க 1998 லாட்டரிச் சட்டத்தின் 5-வது பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாடு 2003 ஜனவரியில் தடை போட்டது. குமுளியில் எல்லை தாண்டியதும் கடை வாசலில் வரிசையாகத் தொங்கும் அதே சீட்டை, கம்பம், தேனி வழியாகக் கொண்டுவந்து இங்கே விற்றால் 2 ஆண்டு வரை சிறை.

செல்போனில் நம்பரைப் படமாக அனுப்பி ஜிபே-யில் பணம் கேட்கிறார்களே, அது இன்னும் மோசம். அசல் காகிதச் சீட்டு கையில் இல்லாவிட்டால் பரிசே கிடையாது.