ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போ கண்ணு

போன வாரம் சேலம் அம்மாபேட்டையில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தோம். உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, காபி வந்துவிட்டது. எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை நுரை. அம்மா எடுத்துக்கொண்டார். நான், “எனக்கு வேண்டாங்க்கா” என்றேன். “அப்போ டீ போடட்டுமா கண்ணு?” “டீயும் குடிக்க மாட்டேங்க்கா.” அந்த அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் லேசாக மாறியது. பக்கத்து அறையில் தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

நம் ஊரில் ஒருவர் வீட்டில் வாய் நனைக்க மாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை தலைமுறையாக எத்தனை பேரை அப்படி அவமானப்படுத்தியிருக்கிறோம். அதனால் காபி வேண்டாம் என்று சொல்லும் அதே மூச்சில் நான் தண்ணீர் கேட்டுவிடுவேன். அன்றும் கேட்டேன். ஒரு சொம்பு தண்ணீரை அவர் கண் முன்னாலேயே முழுசாகக் குடித்தேன். தட்டில் இருந்த முறுக்கில் இரண்டு எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் காரணத்தைச் சொன்னேன்.

காரணம் என் விசுவாசம். நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவள். மார்மன் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. 1833-இல் அவருக்குக் கிடைத்ததாக நாங்கள் நம்பும் ஒரு வெளிப்பாட்டில் மதுவும் புகையிலையும் ‘சூடான பானங்களும்’ வேண்டாம் என்று இருக்கிறது. சூடான பானம் என்றால் காபியும் டீயும் என்பது சபையின் விளக்கம். சூடான பால் குடிக்கலாம், ரசம் குடிக்கலாம், அதற்குத் தடை இல்லை.

என் வீட்டில் இந்தக் கட்டளைக்குத் தனி கனம் உண்டு. என் அம்மாயி ஏற்காட்டுக்காரர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அம்மாயிக்குக் காபி என்றால் இடுப்பில் கட்டிய சாக்கு. பழம் சிவக்கும் காலத்தில், பனி இறங்கும்போதே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். அட்டை கடிக்கும். விரல் நுனியில் ஏறிய கறை, பறிப்பு முடிந்து பல நாள் கழித்தும் போகாது. அந்தக் கையால் வந்த கூலியில்தான் அம்மா படித்தார். அம்மா படித்ததால்தான் நான் கோயம்புத்தூரில் காலேஜ் போனேன். அங்கேதான் இந்தச் சபையையும் பார்த்தேன்.

காபி குடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மலைக்குப் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாயி கத்தோலிக்கர். கையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். விரல் நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: “அப்போ நான் இத்தனை வருசம் பறிச்சது பாவமா பாப்பா?”

என்னை யாரும் அதற்கு முன்னாலோ பின்னாலோ இவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. “இல்ல அம்மாயி. நீ பறிச்சதுலதான் நான் வளர்ந்தேன். இது நான் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. உன்னைப் பத்தின தீர்ப்பு இல்ல” என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதற்கு அப்புறம்தான் மிஷன் போனேன். சபைக்காக வீட்டை விட்டுப் போய், எங்கள் விசுவாசத்தை முழுநேரமாக எடுத்துச் சொல்லும் ஊழியம் அது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு 18 மாதம். 2012-இல் பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 21-இலிருந்து 19 ஆக்கினார்கள், அதற்கப்புறம் பெண்கள் நிறையப் பேர் போக ஆரம்பித்தார்கள். “மாசம் எவ்வளவு தர்றாங்க?” என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. போவதற்கு நாம்தான் காசு சேர்க்க வேண்டும். இரண்டு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுச் சேர்த்தேன், குறைந்ததற்குச் சபை உதவியது. காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, ஜெபித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கம்பேனியன் என்று இன்னொரு சகோதரி எப்போதும் கூடவே இருப்பார், தனியாக எங்கும் போக முடியாது. திங்கள்கிழமை துணி துவைக்க, வீட்டுக்குப் பேச. 2019-க்கு முன்னால் போன மிஷனரிகள் வருடத்தில் இரண்டு தடவைதான் வீட்டுக்குப் போன் செய்ய முடியும். நான் வாரா வாரம் பேசினேன். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை. திங்கள்கிழமை அந்த நேரத்துக்குப் பட்டறை வாசலில் வந்து நின்றுகொள்வார்.

அந்தக் கறுப்பு பேட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷனரிகள் சட்டையில் குத்திக்கொள்வது. அதில் ‘சகோதரி’ என்று போட்டு, பக்கத்தில் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் போட்டார்கள். 18 மாதம் எல்லாரும் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். அப்பா இந்தச் சபையை ஒத்துக்கொண்டவர் இல்லை. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன்தான் அவருக்கு எல்லாம். திரும்பி வந்த அன்று சேலம் ஜங்ஷனில் என் பெட்டியை வாங்கிக்கொண்டவர், பேட்ஜைப் பார்த்தார். கட்டைவிரலால் அதை ஒரு தடவை துடைத்துவிட்டு, “என் பேரை நல்லபடியா வச்சிருந்தியா?” என்று மட்டும் கேட்டார்.

வைத்திருந்தேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு நாள் வைத்திருக்கவில்லை. மிஷனில் நாலாவது மாதம். ஒரு அம்மா முதல் தடவை அன்பாகப் பேசினார். இரண்டாவது தடவை “அப்புறம் வாங்கம்மா” என்றார். அது ‘வேண்டாம்’ என்பதற்கு நம் ஊரில் மரியாதையாகச் சொல்லும் வார்த்தை. எனக்கே தெரியும், நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. ஆனாலும் ஆர்வத்தில் மூன்றாவது தடவை போய் நின்றேன். ஆறு வயசுப் பையன் கதவைத் திறந்தான். “அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க” என்றான். அவன் பின்னால் திரைச்சீலைக்குக் கீழே அந்த அம்மாவின் கால் தெரிந்தது. மெட்டி போட்ட கால். அவர் சொந்த வீட்டிலேயே என்னைக் கண்டு ஒளிந்து நிற்கும்படி செய்துவிட்டேன். அன்று ராத்திரி நான் ஜெபித்தது அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

என் விசுவாசத்தை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் முழு மனசோடு நினைக்கிறேன். அது என் உரிமை, இந்த நாட்டுச் சட்டமே தந்த உரிமை. ஆனால் நான் காபி வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன் இல்லையா? அப்படியானால் அடுத்தவர் என் செய்தி வேண்டாம் என்றால் அதையும் முதல் தடவையே நான் கேட்டாக வேண்டும். ‘மனசை மாத்திக்குவாங்க’ என்று காத்துக்கொண்டு பழகுவது பழக்கமே இல்லை. என் சபைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன், தெருவில் மைக் வைத்துப் பேசும் மற்ற சபைக்காரர்களுக்கும் சொல்கிறேன்.

எதையும் மறைக்கவும் கூடாது. “உங்க சபையில நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்களாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் பலதார மணம் இருந்தது. 1890-இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அதை நிறுத்துவதாக அறிவித்தார், இன்று அப்படிச் செய்தால் சபையில் இருக்க முடியாது. யாரும் கேட்காத ஒன்றையும் நானாகச் சொல்லிவிடுவேன்: 1978 வரை கறுப்பின ஆண்களுக்குச் சபையில் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், கொடுக்கவில்லை. சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. என்னிடம் கேட்க வருகிறவர் இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

அதே அளவு மரியாதையை நானும் கேட்கிறேன். டவுன் பஸ்ஸில் எங்கள் வேதமான மார்மன் புஸ்தகத்தை மடியில் வைத்திருந்ததற்கு ஒருவர் எல்லார் முன்னாலும் “எத்தனை மூட்டை அரிசி வாங்கின?” என்று கேட்டார். அரிசிக்காக ஒருத்தி தன் அப்பாவை அழவிடுவாளா? சொந்தக்காரர்கள் போகும் ஒரு ஆலயத்தில் பெரியவர் ஒருவர் நான் சொல்வது கள்ள உபதேசம் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன்.

1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி கப்பலேறி மெட்ராஸ் வந்தார். ஓராண்டு போல இருந்து பேசினார், ஒரு பத்திரிகைகூட நடத்தினார். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மிகச் சிலர்தான். திரும்பிப் போய்விட்டார். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை தூரம் வந்து, தனக்கு நல்லது என்று பட்டதைச் சொல்லிவிட்டு, யாரையும் வற்புறுத்தாமல் போன மனுஷர் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொலுசுக்குச் சலங்கை கோர்க்கும் வேலையை வீட்டுக்கே எடுத்துவந்து செய்வார். சாயங்காலம் நானும் போய் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பேன். ஒரு நாள் அவராகத்தான் கேட்டார், “உன் சாமி என்னதான் சொல்லுது?” மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை இல்லாதவர்களுக்குக் கொடுப்பதைச் சொன்னேன். குடும்பம் இந்த உலகத்தோடு முடிந்துபோவதில்லை என்று நாங்கள் நம்புவதைச் சொன்னேன். செத்துப்போன தன் தம்பியை நினைத்து அவர் கொஞ்சம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு கண்ணு. ஆனா எனக்கு வேண்டாம். எனக்கு வெண்ணங்குடி முனியப்பன் போதும்” என்றார். “சரிங்க்கா” என்றேன். அடுத்த நாளும் போனேன், சலங்கை எண்ண. அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவே இல்லை.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது நல்ல மஞ்சு. அம்மாயி இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றில் அவருடைய காபி. இன்னொன்றில் சுக்குக் காபி. பல வீட்டில் சுக்குக் காபியிலும் ஒரு கரண்டி காபித்தூள் சேர்ப்பார்கள், அதனால் நான் தயங்கினேன். கேட்க வாய் வரவில்லை. அம்மாயி உள்ளே போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே காட்டினார். “சுக்கு, மல்லி, மிளகு. கருப்பட்டி தனியா இருக்கு. உனக்குன்னு இடிச்சு வச்சேன், வேற ஒண்ணும் போடல.”

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். “உன் புஸ்தகத்துல ஒரு பக்கம் படியேன், எனக்குக் கண்ணு தெரியல” என்றார். ஒரு பக்கம் படித்தேன். கேட்டுவிட்டு, “சரி, இப்ப நான் ஜெபமாலை சொல்லணும். நீ எந்திரிச்சுப் போயிடாத” என்றார். முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.