லஞ்ச் சீட் யாருடைய வேலை?

இலங்கையில் சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. உற்பத்தி, விற்பனை, பாவனை எல்லாவற்றுக்கும்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வர்த்தமானியும் வந்தது. சரி, இன்றைக்கு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பார்சல் வாங்கிப் பாருங்கள். சுடச்சுடக் குழம்பு, அடியில் அதே சீட்!

கடைக்காரரைக் கேட்டால், "புறக்கோட்டைச் சந்தையில விக்கிறாங்க தம்பி, நான் என்ன செய்ய?" என்கிறார். நியாயம்தான். சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கையில். கடைக்கு வருவதோ மாநகரசபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ. அவர் சமையலறையைப் பார்ப்பார், தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பார். சீட் மட்டும் கண்ணில் படாது. (அவருக்கும் மதியம் அதே பார்சல்தானோ என்னவோ.) சீட் செய்கிற இடத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கடையில் வந்து நின்று என்ன பிரயோசனம்? வாழையிலை கேட்டால் மட்டும் மேலதிகக் காசு!