பொன்னாடைகளும் செக்ரோல் தாள்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பெரியவர் ஒருவர் அண்மையில் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பதில் கழித்தவர்; இளமையில் தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்குச் சிறுகதைகள் எழுதியவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மகன் என்னை அழைத்து, "சார், அப்பாவோட எழுத்துச் சாமானெல்லாம் கெடக்கு, வேணுங்கிறத எடுத்துக்குங்க, மிச்சத்தப் பேப்பர் லாமா லோரி வந்தா போட்டுருவேன்" என்றார். பேப்பர் லாமா லோரி என்பது பழைய தாள் வாங்க வரும் வண்டி.

அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத பொன்னாடைகள் பதினொன்று இருந்தன. அவற்றுக்குக் கீழே கேடயங்களும், மை தொடாத ஒரு பேனா இணையும் இருந்தன. நம் ஊரில் என்றேனும் எழுத்தாளர்களுக்கு ஒரு காட்சியகம் அமைந்தால் கண்ணாடிப் பேழைக்குள் முதலில் ஏறப்போகிறவை இவைதாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொன்னாடை, அதைப் போர்த்தியவரைப் பற்றிச் சொல்லும் அளவுக்குப் போர்த்தப்பட்டவரைப் பற்றிச் சொல்வதில்லை. அவர் பயன்படுத்தாத பேனாவைப் பார்த்து அவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நான் எடுத்து வந்தது ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை. அதற்குள் தோட்டத்துக் கணக்கர் கிராணி கழித்துப் போட்ட செக்ரோல் தாள்கள், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவுத் தாள்கள், இருந்தன. ஒரு பக்கம் பெயர்களும் வேலை நாள்களும், மறுபக்கம் கதைகள். சில தாள்களின் ஓரங்களில் ரப்பர்ப்பால் காய்ந்து பழுப்பேறியிருந்தது. இரண்டு தாள்கள் அதனாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் கிடந்தன. பதிவுத் தபால் ரசீதுகளைக் கதை வாரியாகக் குண்டூசியில் கோத்து வைத்திருந்தார்.

அவருடைய கதைகள் அவசரமாக முடிந்துவிடுகின்றன என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போதே நான் பேசியிருக்கிறேன். இப்போது தகரத்தைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கதைகளும் நான்கு செக்ரோல் தாள்களில் முடிகின்றன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும் என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. தாளும் விளக்கும் தீர்ந்த இடத்தில் கதையும் தீர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, அன்றிரவே ஒரு கட்டுரைக்குத் தலைப்பும் யோசித்துவிட்டேன்.

மறுநாள் தகரத்தின் அடியில், கோடு போட்ட நல்ல தாளில், மகன் வீட்டில் குடியேறிய பிறகு அவர் எழுதிய கதை ஒன்று கிடைத்தது. கட்டு நிறையத் தாள் மிச்சமிருந்தது. கதை அதே அளவு. அதே போலச் சட்டென்று முடிகிறது. அவருக்கு அப்படி முடிப்பதுதான் பிடித்திருக்கிறது. என் கட்டுரை அத்துடன் செத்தது.

பொருள்களை மிகையாக வாசிக்கும் இந்த ஆசை எனக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுடையவை எனக் கருதப்படும் மூன்று மூக்குக்கண்ணாடிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 2017இல் அவற்றின் ஆடிகளைச் சோதித்து, அவருக்குக் கண்பார்வை மிகவும் மங்கியிருக்கலாம், அதற்கு ஆர்செனிக் நஞ்சு காரணமாக இருக்கலாம் என்று நூலகம் ஒரு கருத்தை வெளியிட்டது. செய்தி பரவிய வேகத்திலேயே அறிஞர்கள் பலர் அதை மறுத்தார்கள். மூன்று கண்ணாடியிலிருந்து ஒரு மரணத்தின் காரணம் வரை தாவுவது பெரிய தாவல். ஆனால் சாட்டன் சிற்றூரில் அவர் வாழ்ந்த வீட்டில் வைத்திருக்கும் எழுதுமேசையைப் பற்றி எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு விளிம்புகள் கொண்ட அந்தச் சிறு மேசையில் ஒரு தாளும் மைக்கூடும் வைத்தால் இடம் நிறைந்துவிடும். தனியறை இல்லாத ஒரு பெண் எவ்வளவு இடத்துக்குள் எழுதினார் என்பதை அது அளந்தே காட்டிவிடுகிறது.

எழுத்தாளரின் மேதைமையை அவருடைய பொருள்களில் தேடக்கூடாது. அவர் எதனோடு மல்லுக்கட்டினார் என்பதை அங்கே பார்க்கலாம். என் பிஸ்கட் தகரத்திலும் அப்படி ஒன்று இருந்தது. ஒரு கதையின் முதற்படியில் தோட்டத்துக் கங்காணியின் பெயர் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறது. பிறகு அது அடிக்கப்பட்டு வேறு பெயர் வருகிறது. அதுவும் அடிக்கப்பட்டு, கடைசியில் 'அந்த ஆள்' என்று ஆகிறது. கார்பன் படியில் 'அந்த ஆள்' மட்டுமே உண்டு. அச்சில் படித்த நாங்கள் அதை ஒரு நடை உத்தி என்று பாராட்டினோம். தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும் என்பது லயத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்போது மூன்று பிள்ளைகள்.

நம் எழுத்தாளர்களின் பொருள்கள் ஏன் மிஞ்சவில்லை என்பதற்கும் இதே வீடுதான் காரணம். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டாலோ ரப்பரை விட்டுச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறினாலோ அதற்கு முன்பே காலி செய்ய வேண்டியிருக்கும். ஒரு லோரியில் கட்டிலும் சாமி படமும் ஏறும், தாள்கட்டு ஏறாது. அவர்களின் கதைகளை ஏந்திய தமிழ் நேசனே 1924இல் தொடங்கி 2019இல் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் ஹாவொர்த்தில் எழுத்தாளர்களான பிரான்ட்டி சகோதரிகளின் குடும்பத்தினர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. சார்லட் பிரான்ட்டி பதினான்கு வயதில், 1830இல், உள்ளங்கைக்குள் அடங்கும்படி எழுதித் தைத்த கையெழுத்து இதழ் ஒன்றை 2019இல் பாரிஸ் ஏலத்தில் 6,00,000 யூரோவுக்கு எடுத்து அங்கே சேர்த்தார்கள். நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சிறுமியின் விளையாட்டுத் தாளை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் யாரோ தூக்கி எறியாமல் இருந்திருக்கிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் சிகரெட் பெட்டி ஒன்று காட்சியில் இருக்கிறது. 1881இல் அப்பா இறந்த நாளை அவருடைய மகள் அதில் எழுதி வைத்தாள். எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் பெட்டி.

எனவே எழுத்தாளர் குடும்பங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கேடயத்தைத் துடைத்து வைப்பதற்கு முன், அடித்தல் திருத்தல் உள்ள தாளையும் ஒழுகிய பேனாவையும் தபால் ரசீதையும் தனியாக எடுத்து வையுங்கள். எந்த வீட்டில், எந்த ஆண்டு, யார் கையில் இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே போடுங்கள். பால் கறையைத் துடைக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் பேனாக்களை, மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில்தான் போட்டு வைத்திருப்பார். அதைக் கேட்டேன். மகன் சற்று யோசித்து, வீட்டுக்காரி அதில் கற்றாழை வைக்கப் போவதாகச் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல பூந்தொட்டி வாங்கிக்கொண்டு போய் மறுபடியும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.