பேப்பர் கப் முழுக்கக் காகிதம் இல்லை

"டீக்கடை பேப்பர் கப்பில் பிளாஸ்டிக்கே கிடையாது, மண்ணில் போட்டால் மக்கிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் ஊறிப்போகும். ஒழுகாமல் இருக்க உள்பக்கம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். கச்சா எண்ணெயிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வருவதுதான் அது. காகிதம் மக்கும், பூச்சு மக்காது. துணுக்குகளாக உடைந்து மண்ணிலேயே கிடக்கும். இரண்டும் ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர்க்காரரும் எடுப்பதில்லை.

அப்புறம், 2020-இல் காரக்பூர் ஐஐடி ஆய்வில், 100 மில்லி வெந்நீர் 15 நிமிடம் இருந்த கப்பில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் தெரிந்தன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலான பிளாஸ்டிக் தடைப் பட்டியலிலும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் இருக்கிறது. கண்ணாடி கிளாஸில் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான கடைகளில் தருவார்கள்.